கீழ்புத்துப்பட்டில் முதிய தம்பதிக்கு என்ன வேலை?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகும் பஸ், காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தைத் தாண்டி, கனகசெட்டிக்குளத்தோடு புதுவையை முடித்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கொஞ்ச தூரத்தில் கீழ்புத்துப்பட்டு. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. "அய்யனார் கோயில்லாம் எறங்கு" என்றார், அடுத்த மூச்சில் "கேம்ப்பு, கேம்ப்பு" என்றார். பொங்கல் பானையும் குழந்தைகளுமாக ஒரு குடும்பம் கோயில் பக்கம் நடந்தது. சித்தாள் வேலை முடித்து, தூக்குச்சட்டியும் சிமென்ட் படிந்த காலுமாக இறங்கிய பெண்கள் முகாம் பக்கம் திரும்பினார்கள்.

நான் வந்தது ஒரு கேள்வியோடு. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் சில நாட்களாக விடாமல் போன் செய்துகொண்டிருந்தான். அவனுடைய பக்கத்து வீட்டில் அறுபதைத் தாண்டிய ஒரு தம்பதி. கணவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி நர்ஸாக இருந்தவர். மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஒன்றரை வருஷம் வெளிநாட்டில் ஏதாவது ஒரு கிராமத்தில் சேவை செய்ய விண்ணப்பம் எழுதப்போகிறார்கள். இந்தியா என்றால் அங்கே ஒரு கிராமம் எப்படியிருக்கும், எங்கள் வயதுக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை இருக்கும் என்று அவனைக் கேட்டிருக்கிறார்கள். "இன்டர்நெட்ல இருக்கிறத நானே சொல்லிடுவேன்க்கா. நீ ஒரு ஊரப் போய்ப் பாத்துட்டுச் சொல்லு" என்றான்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. சேவைக்கென்று வருகிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் கொண்டுவந்திருப்பதைச் சொல்வார்கள். உங்களுக்கு என்ன வேலை கிடக்கிறது என்று கேட்டுவிட்டு வருகிறவர்கள் அபூர்வம். அதனால் கீழ்புத்துப்பட்டைத் தேர்ந்தேன். விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் அய்யனார் இருக்கிறார், ஈழத்து மக்களின் முகாம் இருக்கிறது, மீனவர் குப்பங்கள் இருக்கின்றன, வடக்கே கொஞ்சம் போனால் மரக்காணத்து உப்பளம். சேவை செய்ய வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு காலத்தில் கால் வைத்துப் போன மண் இது.

மார்மன் என்பது ஊரார் வைத்த பெயர். சபைக்காரர்கள் தங்களைப் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்றே அழைக்கச் சொல்கிறார்கள். 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. அவர் கொல்லப்பட்ட பிறகு, விரட்டப்பட்ட கூட்டம் மாட்டு வண்டிகளில் மேற்கே நடந்து 1847-ல் ஒரு பெரிய உப்பு ஏரியின் கரையில் குடியேறியது. அதுதான் சால்ட் லேக் சிட்டி. அந்த ஏரித் தண்ணீரையும் பாத்தி கட்டி, வெயிலில் வற்றவிட்டுத்தான் இன்றைக்கும் உப்பெடுக்கிறார்கள். மரக்காணத்தில் நடப்பதும் அதே வேலைதான் என்பதைத் தம்பியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டிரண்டு பேராகத் தெருவில் நடக்கும் இளைஞர்கள்தான் இந்தச் சபையின் முகமாக உலகத்துக்குத் தெரியும். பதினெட்டு வயதில் கிளம்புகிறவர்கள் அவர்கள். முதிய தம்பதிகளின் ஊழியம் வேறு மாதிரி. வீட்டில் வளர்க்க வேண்டிய பிள்ளை இருக்கக் கூடாது. செலவெல்லாம் சொந்தக் காசு. ஆறு மாதத்திலிருந்து இருபத்து மூன்று மாதம் வரை. விருப்பத்தைச் சொல்லலாம், ஆனால் எங்கே போவது என்பதைச் சபைத் தலைமையிலிருந்து வரும் கடிதம் முடிவு செய்யும். இளைஞர்கள் மாதிரி இவர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டியதில்லை. அலுவலக வேலை, மருத்துவ உதவி, குடிநீர்த் திட்டம், சக்கர நாற்காலி கொடுப்பது, பாடம் சொல்லித்தருவது என்று கிடைத்ததைச் செய்கிறார்கள். கணவனுக்கு மனைவிதான் ஊழியத் துணை, மனைவிக்குக் கணவன்தான்.

முதலில் கோயிலுக்குப் போனேன். மஞ்சனீஸ்வரர் அய்யனார், பூரணியும் பொற்கலையும் இருபக்கம். வெளியே வானம் பார்த்து நிற்கும் வீரன்களும் குதிரைகளும். பொங்கல் வைக்க, மொட்டை போட, காது குத்த, புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்க என்று கடலூர், விழுப்புரம், புதுச்சேரி மூன்று பக்கத்திலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. நல்ல கூட்டம். அடுப்புக்குக் கல் தேடி ஒரு பாட்டி என் பக்கத்தில் குனிந்தபோது, நானும் இரண்டு கல் எடுத்துக் கொடுத்தேன். "எந்த ஊர்மா?" என்றார். பாண்டிச்சேரி என்றதும், "உங்க வூட்டுக்கும் அவருதானா?" என்று அய்யனாரைக் காட்டினார். என் குலதெய்வம் வேறு ஊர். அதையும் சொன்னேன். "எங்க இருந்தா என்ன, வந்தது வந்த, சாப்ட்டுட்டுப் போ" என்றார்.

கோயிலை ஒட்டி ஒரு காடு நிற்கிறது. சோழமண்டலக் கரையில் ஒருகாலத்தில் நீளமாகப் பரவிக் கிடந்த, ஆண்டு முழுக்க இலை உதிராத உலர்காட்டின் மிச்சம். காசான், வீரை, உலக்கைப்பாலை என்று தடித்த சின்ன இலை மரங்கள் தலையோடு தலை பின்னிக்கொண்டு வெயிலை உள்ளே விடாமல் நிற்கின்றன. சாமி காடு என்பதால் யாரும் கத்தி வைப்பதில்லை. தாவரவியல் ஆய்வாளர்கள் இங்கே வந்து மரம் மரமாக எண்ணிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். எந்த அரசாணையும் எந்தத் தொண்டு நிறுவனமும் வருவதற்கு முன்பே ஊர் தன் அச்சத்தாலும் பக்தியாலும் காப்பாற்றி வைத்த காடு இது. வெளியூரிலிருந்து ஊழியம் செய்ய வருகிறவர் யாராயிருந்தாலும் முதலில் இங்கே கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு சாமி உண்டு, அந்தச் சாமியின் பேரால் ஊர் செய்துவைத்த நல்ல காரியமும் உண்டு. இது தெரியாமல் வருகிறவருக்கு ஊரின் பாதி தெரியாது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தச் சபைக்காரர்கள் நம் பக்கம் வருவது முதல் தடவை அல்ல. யூட்டாவிலிருந்து கிளம்பிய ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கல்கத்தா வழியாக 1853-ல் சென்னைக்கு வந்தார். சால்ட் லேக் சிட்டியில் சபையின் முதல் ஞாயிறு பள்ளியை 1849-ல் தொடங்கியவர் அவர்தான். ராபர்ட் ஸ்கெல்டன் என்பவரும் கூட வந்தார். கையில் பணமில்லாமல், கொடுப்பவர் கையை நம்பி வந்தவர்கள். துண்டுப் பிரசுரம் அச்சடித்தார்கள், கூட்டம் நடத்தினார்கள். ஆனால் அவர்களுடைய நடமாட்டமெல்லாம் வெள்ளைக்காரச் சிப்பாய்கள், அதிகாரிகள் நடுவில்தான். தமிழில் நாலு வார்த்தை பேசி ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கதை வேறாகியிருக்கும் என்பது என் எண்ணம். பாலன்டைன் 1854-ல் உடல் நொந்து கப்பலேறினார். அதற்குப் பிறகு நம் பக்கத்தில் கதவு நெடுங்காலம் மூடியே கிடந்தது.

அதைத் திறந்தவர் கோயம்புத்தூர்க்காரர். பால் திருத்துவதாஸ், சிமென்ட் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை பார்த்தவர். 1950-களில் சபையின் பிரசுரம் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. படித்துவிட்டு சால்ட் லேக் சிட்டிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் எழுதினார். 1965-ல் ஞானஸ்நானம் பெற்றார். கோவையைச் சுற்றிய கிராமங்களில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் வைத்தார், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். எந்த அழைப்புக் கடிதமும் இல்லாமல், சொந்த ஊர்ப் பக்கத்திலேயே, வேலைக்கும் போய்க்கொண்டு செய்த ஊழியம். அடுத்ததாக வந்தவர்கள் ஒரு தம்பதி. ஐதராபாத்தைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் எட்வின் தர்மராஜுவும் அவர் மனைவி எல்சியும். சமோவா தீவில் வேலை பார்க்கும்போது சபையில் சேர்ந்தவர்கள். 1978 டிசம்பரில் சில மாத ஊழியத்துக்கென்று சொந்த ஊருக்கே அனுப்பப்பட்டார்கள். உறவுக்காரர்கள் இருபத்திரண்டு பேர் அவர்கள் கையால் சபைக்குள் வந்தார்கள். 1993-ல் பெங்களூரைத் தலைமையிடமாக வைத்து இந்திய ஊழியத் தளம் உருவானது. பெங்களூரில் சபையின் முதல் இந்தியக் கோயிலைக் கட்டப்போவதாக 2018-ல் அறிவித்தார்கள். இன்று இங்கே ஊழியம் செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்திய இளைஞர்களே.

இந்த வரலாற்றில் என் மனதில் நிற்பது ஒன்றுதான். கப்பலில் வந்த பாலன்டைனைவிட, மாதச் சம்பளக்காரரான திருத்துவதாஸ் ஆழமாக வேரூன்றினார். ஊரோடு இருந்தவர் அவர். ஒன்றரை வருஷத்துக்கு வந்துபோகிற ஒரு தம்பதி அந்த ஊரோடு இருத்தலை எங்கிருந்து பெறுவது? இதை மனதில் வைத்துக்கொண்டுதான் சாலையைத் தாண்டி முகாம் பக்கம் நடந்தேன்.

தமிழ்நாட்டில் ஈழத்தமிழர் முகாம்கள் நூற்றுக்கு மேல் உண்டு. 1983 கலவரத்துக்குப் பிறகும், 1990-ல் போர் மறுபடி மூண்டபோதும், 2006-லும் படகு படகாக வந்தவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவற்றில் வாழ்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு, "அகதிகள் முகாம்" என்ற பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. அதே அறிவிப்பில் 317 கோடி ரூபாய்க்கு நலத்திட்டங்கள், பழைய குடிசைகளுக்குப் பதிலாக 7,469 புது வீடுகள். ஆனால் குடியுரிமை வரவில்லை. 2019-ல் நாடாளுமன்றம் திருத்திய குடியுரிமைச் சட்டத்திலும் இவர்களுக்கு இடமில்லை. முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்து, இங்கேயே பட்டம் வாங்கிய பிள்ளை அரசு வேலைக்கு விண்ணப்பம் போட முடியாது.

அனுமதிக் கடிதம் இல்லாமல் வெளியாட்கள் முகாமுக்குள் போகக் கூடாது. அதனால் வாசலுக்கு வெளியே பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கே இந்த நிலைமை என்றால் அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு வருகிறவர்கள் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. மதப்பணிக்கு வருகிறவருக்கு மிஷனரி விசா தனி. சுற்றுலா விசாவில் வந்து வேதம் பேசினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தமிழ்நாட்டிலேயே 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தின் சூடு இன்னும் ஆறவில்லை. பசித்தவன் முன்னால் சோற்றையும் வேதத்தையும் ஒரே தட்டில் வைப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். எந்த மதமானாலும் எனக்கு இதில் மாற்றுக் கருத்தில்லை. இந்தச் சபையும் தன் நிவாரணப் பணி மதம் பார்க்காமல் செய்யப்படுவது என்றுதான் சொல்கிறது. சொன்னபடி நடக்கிறவர்களுக்கு இந்த ஊரில் கதவு திறக்கும்.

பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் எழுபதை ஒட்டிய ஒரு அம்மா. வெள்ளை நூல் சேலை, கையில் பேரனுக்கு வாங்கிய நோட்டுப் புத்தகம். திருகோணமலைப் பக்கத்தவர். அவருடைய வீட்டுக்காரர் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். இங்கே வந்த நாளிலிருந்து மாலையில் முகாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாராம். அந்த அம்மா சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுத்தருவார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"வெள்ளைக்காரர் கனபேர் வந்தவை பிள்ளை. சுனாமிக்குப் பிறகு வந்தவை. தானே புயலுக்குப் பிறகும் வந்தவை. பேர் எழுதுவினம், படம் எடுப்பினம். பிறகு காணேல்லை." உடனே தன் பேச்சைத் தானே திருத்திக்கொண்டார்: "அவையில பிழை சொல்லேல்லை. வந்தவைதானே. வராத ஆக்கள் எத்தினை பேர்."

நான் தம்பியின் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன், கணக்கு வாத்தியார் என்று. அந்த அம்மாவின் முகம் மாறியது. "கணக்கோ? உண்மையாவோ? எங்கட பிள்ளைகளுக்குக் கணக்குத்தான் பிரச்சினை. இவருக்கு இப்ப கண் தெரியிறேல்லை. ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்க ஆள் இல்லை. இங்கிலீசில கதைச்சால் இன்னும் நல்லது, வேலைக்குப் போகேக்க உதவும்."

"உள்ளே விட மாட்டார்களே அம்மா" என்றேன்.

"வெளியில வைக்கலாம். பிள்ளைகள் வரும். பிள்ளைகளுக்கு நடக்கத் தெரியும்" என்றார்.

கடைக்காரர் தேநீர் கொண்டுவந்தார். அப்போது நினைவுக்கு வந்தது, இந்தச் சபைக்காரர்கள் தேயிலையும் காப்பியும் தொட மாட்டார்கள், மதுவும் புகையும் கிடையாது. தேநீரை வேண்டாம் என்று சொல்கிற விருந்தாளியை நம் ஊரில் என்ன செய்வது? கேட்டே விட்டேன். "தேத்தண்ணி குடிக்காட்டா என்ன, மோர் குடிக்கட்டும்" என்று அந்த அம்மா அந்தச் சங்கடத்தை ஒரு நொடியில் தீர்த்து வைத்தார். குடிக்காமல் இருப்பது இந்தக் கரையில் நல்ல பெயரையே வாங்கித் தரும் என்று கடைக்காரர் சேர்த்துக்கொண்டார். அவர் எதைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்து ஒரு டஜனுக்கு மேல் ஆட்கள் செத்துப்போனார்கள். பலர் விடிந்தால் கடலுக்குப் போகவேண்டியவர்கள்.

முகாமில் பாடம் சொல்லித்தரும் அந்த அம்மாவையும் அவர் வீட்டுக்காரரையும் பற்றி நான் நிறைய யோசித்தேன். யூட்டாவிலிருந்து வரக்கூடியவர்களுக்கு இவர்கள்தான் முன்னோடி. முகாம்களில் இதே வழியில் வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்ற அமைப்பை 1984-ல் சந்திரகாசன் நிறுவினார், ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன். அதன் பலம் என்னவென்றால், அதில் வேலை செய்கிறவர்களும் அகதிகளே. மாலை வகுப்பு, பெண்கள் குழு, குழந்தைகளுக்குச் சத்துணவு எல்லாவற்றையும் முகாமில் உள்ளவர்களே தங்களுக்குள் ஆள் தயார் செய்து நடத்தினார்கள். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, எல்லாம் இழந்து வந்தவர்களான இவர்கள், தமிழகக் கரையில் எல்லாம் இழந்து நின்றவர்களுக்கு உதவப் போனார்கள். யேசு சபையின் அகதிகள் சேவைப் பிரிவும் முகாம்களில் நீண்ட காலமாக வகுப்புகள் நடத்திவருகிறது. ஆக, இங்கே வருகிற தம்பதி புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை. பார்வை மங்கிய ஒரு வாத்தியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்கிற மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தந்தால் போதும். ஓய்வுபெற்றவரிடம் இருப்பதும் அவர் தரக்கூடியதும் நேரம்தான். நம் பக்கத்தில் நல்ல வாத்தியார்கள் இருக்கிறார்கள், நேரமில்லை அவர்களுக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் டியூஷன் எடுக்கிறார்கள், அது அவர்களுடைய குடும்பத்துக்கு வேண்டிய காசு. ஒன்றரை வருஷம் சாயங்காலங்களை இலவசமாகக் கொடுக்கக்கூடிய மனிதர் ஒரு கிராமத்துக்குப் பெரிய வரவு.

மதியம் மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன். கூனிமேடு, அனுமந்தை தாண்டியதும் சாலையின் ஓரங்களில் பூமி சதுரம் சதுரமாக வெட்டி வைத்தாற்போல் வெளிச்சம் அடித்தது. தூத்துக்குடி, வேதாரண்யத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பேர்பெற்ற உப்பளம் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மேற்கே கழுவெளி நீர்நிலை, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பக்கிங்ஹாம் கால்வாய் நடுவே போகிறது. தையில் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்த ஆரம்பித்தால், புரட்டாசி வரைக்கும் உப்பு. நிலத்தடி உவர்நீரை மோட்டார் வைத்து இறைத்து, தெப்பத்தில் தேக்கி, சூடேற்றி, பாத்திக்கு விடுகிறார்கள். உப்பு பூத்ததும் நீளக் கைப்பிடிப் பலகையால் வாரி வரப்பில் கூட்டுகிறார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறார்கள். ஈரக் கூடையிலிருந்து உவர்நீர் வழிந்து கழுத்தில் இறங்குகிறது.

நான் போன நேரத்தில் வேலை அநேகமாக முடிந்துவிட்டது. விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறிவிடுகிறார்கள். அம்பாரத்தின் நிழலில் நாலைந்து பெண்கள் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் காலை என் பக்கம் நீட்டிக் காட்டினார். குதிகாலிலும் விரலிடுக்கிலும் தோல் வெடித்து, வெடிப்பின் ஓரங்கள் வெள்ளையாக நின்றன. "இது ஆறாதுக்கா. ஆறதுக்குள்ள மறுபடி எறங்கணும். உப்புத் தண்ணி பட்டா சுர்ருங்கும்" என்றார். இன்னொருவர் கண்ணைச் சுருக்கியபடியே பேசினார். வெள்ளை உப்பில் பட்டு எகிறும் வெயிலை வருஷக்கணக்கில் பார்த்துக் கெட்டுப்போன கண். கறுப்புக் கண்ணாடி போட்டால் என்ன என்று கேட்டேன். "வேர்வையில மூடிக்கும். போட்டுகினு வேலை செய்ய முடியாது" என்றார்.

யூட்டாவிலிருந்து வரக்கூடிய அம்மா நர்ஸ் என்று சொன்னேன். இங்கே ஒன்றை யூட்டாக்காரர்களுக்கு நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் பதிவு இல்லாத வெளிநாட்டு நர்ஸ் இங்கே வைத்தியம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் காலைக் கழுவிவிட, கட்டுத் துணி எடுத்துக்கொடுக்க, நம் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸுக்குக் கைத்துணையாக நிற்கத் தடையில்லை. 2021-லிருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ஆட்கள் வீடு தேடி வருகிறார்கள். அவர்களோடு நடக்கலாம்.

இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. இங்கிருந்து வடமேற்கே, உத்திரமேரூர் பக்கம் தோட்டநாவல் கிராமத்தில் ரைசிங் ஸ்டார் அவுட்ரீச் என்ற அமைப்பின் வளாகம் இருக்கிறது. நிறுவியவர் பெக்கி டக்ளஸ், இதே சபையைச் சேர்ந்த அமெரிக்கப் பெண்மணி. அவர் மகள் ஆம்பர் மனநோயால் துன்பப்பட்டு 2000-ல் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் கைச்செலவுப் பணத்திலிருந்து இந்தியாவில் ஒரு அனாதைக் குழந்தைக்கு அனுப்பிவந்தது பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அந்தக் குழந்தையைத் தேடி வந்த தாய், தொழுநோயால் விரல் இழந்தவர்கள் தெருவில் கையேந்துவதைப் பார்த்தார். முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மகள் பத்மா வெங்கட்ராமன், தொழுநோயாளர் குடியிருப்புகளில் சிறுகடன் கொடுத்து ஆட்களைச் சொந்தக் காலில் நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் வழி காட்டினார். இன்று தோட்டநாவலில் அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளிக்கூடம் நடக்கிறது. நடமாடும் மருத்துவக் குழு குடியிருப்பு குடியிருப்பாகப் போகிறது. யூட்டாவிலிருந்து வரும் தன்னார்வலர்கள், வயதானவர்கள் உட்பட, உள்ளூர் நர்ஸுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழுநோயாளர் காலைக் கழுவுகிறார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவதை நம் ஆட்கள் செய்கிறார்கள்.

தொழுநோய்க்கு மாத்திரை 1980-களிலேயே வந்துவிட்டது. நோய் குணமாகிறது. செத்துப்போன நரம்பு திரும்புவதில்லை, அதனால் புண் வருவது நிற்பதில்லை. ஆயுள் முழுக்கக் காலைக் கவனிக்க வேண்டும். யாராவது தினம் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தொடுதலுக்கு ஆள் கிடைப்பதுதான் எப்போதும் அருமையாக இருந்திருக்கிறது. பெக்கி டக்ளஸின் அமைப்பு சபை நடத்துவதல்ல, தனி அமைப்பு. ஆனால் அந்த ஊழியத்தின் நல்ல வடிவம் எது என்று கேட்டால் நான் தோட்டநாவலைக் காட்டுவேன். உள்ளூர்ப் பெண்மணி முன்னே, வெளியூரார் பின்னே. கையில் புத்தகம் இல்லை, தண்ணீர்ச் சட்டி.

உப்பளத்துப் பெண்களிடம் இதைச் சொன்னபோது அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. "வெள்ளைக்காரம்மா எங்க காலத் தொடுவாங்களா?" என்று கேட்டார் வெடித்த காலைக் காட்டியவர். தொடுவார்கள் என்றேன். "தமிழ் தெரியுமா?" தெரியாது, கற்றுக்கொள்வார்கள் என்றேன். அதைச் சொல்லும்போதே, கற்றுக்கொள்ளாமல் வரக்கூடாது என்று தம்பிக்கு அழுத்திச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். கடிதம் வந்த நாளிலிருந்து விமானம் ஏறுகிற நாள் வரை தமிழ் படிக்கட்டும். "வலிக்குதா?", "எங்கே?", "நாளைக்கு வர்றேன்" இந்த மூன்றும் வந்தால்கூட ஒரு நர்ஸுக்கு ஆரம்பம் போதும்.

"எந்நேரத்துக்கு வருவாங்க?" என்று மூத்தவர் கேட்டார். அவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி போல. "காலையில வந்து நிக்க வெச்சா எங்க கூலி போயிடும். பதினோரு மணிக்கு நாங்க ஏறினப்புறம் வரச்சொல்லு. இங்கயே நெழல்ல உக்காந்துக்கலாம்." பிறகு மாதக் கணக்கும் சொன்னார். ஐப்பசி வந்தால் மழை, உப்பளம் ஏரியாகிவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் ஏறியபோது பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் கிடந்தது. அந்த மாதங்களுக்கு அரசாங்கம் உப்பளத் தொழிலாளர்களுக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் தருகிறது. மீதிக்கு நூறு நாள் வேலை, அதுவும் இல்லையென்றால் கடன்.

"அப்ப மழைக்காலத்தில் வந்தால் உங்களைப் பார்க்க முடியாதே" என்றேன்.

"ஏன் முடியாது? உப்புக் காலத்துல வந்தா காலப் பாக்கட்டும். மழைக்காலத்துல வூட்டுக்கு வரட்டும். வூடு ஒழுகும், பரவால்லியான்னு கேட்டுக்க. அப்பத்தான் எங்களுக்கும் ஒக்காந்து பேச நேரம் இருக்குது" என்று சொல்லிவிட்டு, கூடையைக் கவிழ்த்துத் தட்டினார்.